இடது மயிலின் மூக்கு

மூக்குக் கண்ணாடி மாற்றக் கும்பகோணம் போயிருந்தேன். "லென்ஸ் போட்டுக் குடுக்க அரை மணி ஆகுங்க டீச்சர், உக்காருங்க" என்றார் கடைக்காரர். சுவரில் ஏதோ ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வீட்டுக் கூடம். தங்க நிற நாற்காலியில் உட்கார்ந்து மாமியார் ஒருத்தி மருமகளை மிரட்டிக்கொண்டிருந்தாள். நாற்காலியின் கைப்பிடிக்கு ஒன்றாக இரண்டு மயில்கள். வலது மயில் நேராகப் பார்த்தது. இடது மயில் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. நான் எழுந்து போய்த் திரைக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டேன்.

"சீரியல்னா டீச்சருக்கு உசுரு போலருக்கு" என்று கடைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். அந்த நாற்காலியை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அதைச் செய்தவர் சேகர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டில் எல்லோரும் வயல் வேலைக்குப் போனவர்கள். மாமா மட்டும் தச்சு வேலை கற்றுக்கொண்டு, நான் பிறப்பதற்கு முன்பே பட்டணத்துக்கு ரயிலேறி, சினிமாவுக்குச் சாமான் செய்கிற இடத்தில் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து அவர் எழுதிய ஒரு கடிதம் அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் கடிதம் அதுதான். 'அக்கா, ராஜா உக்கார மயில் நாற்காலி ஒண்ணு செஞ்சேன். மரத்துல கணு இருந்துச்சு, அதனால ஒரு மயிலத் திருப்பிட்டேன். மேஸ்திரி திட்டினாரு. அப்புறம் நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு.' நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மாமாவின் கடிதங்கள் நின்றுபோயின. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

சுவாமிமலைப் பக்கம் எனக்கு வாத்தியார் வேலை கிடைத்த பிறகு, வீட்டுக்கு ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி வந்தது. போட்ட கொஞ்ச நேரத்தில் சூடேறி ஒரு வாசனை வரும். தூசியும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. இப்போதும் எங்காவது அது வந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகிவிடும். அம்மாவும், அவளோடு களையெடுக்கும் சரோஜா அக்காவும் கால் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார்கள். பழைய படம் போடுவார்கள். நாங்கள் கதையைப் பார்ப்போம். அம்மா சாமான்களைப் பார்ப்பாள்.

"போன வாரம் வக்கீல் வூட்டு மாடிப்படிதான் இது. இந்தப் பக்கமாத் திருப்பி வச்சிருக்கான் பாரு." "அந்தத் திரைச்சீலை ராணிக்கு முந்தானையா வந்துச்சே, மறந்துட்டியா?" படுதாவில் வரைந்த வானத்தில் நிலாவுக்குப் பக்கத்தில் ஒட்டுப்போட்ட இடத்தைக்கூடக் காட்டுவாள். ஏமாற்றுகிறார்கள் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. கிழிந்த சேலையில் தலையணை உறையும் கைப்பிடித் துணியும் தைக்கிறவள் அல்லவா! "இருக்குறத வச்சே பத்து வூடு கட்டிப்புடுறான், கெட்டிக்காரப் பய" என்று மனசாரப் பாராட்டுவாள். நானும் படித்தவளாயிற்றே என்று ஒரு முறை ஒரு பூ ஜாடியைக் காட்டி, "இது அன்னைக்கு வந்தது" என்றேன். "அது வேற. அதுக்குக் கழுத்து குட்டை" என்று முடித்துவிட்டாள்.

அந்தக் கண் வயலில் பழகிய கண். நெல்லுக்குள் குதிரைவாலிப் புல் நெல்லைப் போலவே பச்சையாக நிற்கும். அம்மா குனிந்த வேகத்தில் புல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டே போவாள். ஒரு லீவு நாளில் உதவி செய்கிறேன் என்று இறங்கி, நான் கை நிறையப் பிடுங்கிக் காட்டினேன். அத்தனையும் நெல். "டீச்சரம்மா நெல்லப் புடுங்கிப்புட்டு புல்ல வளக்குறாங்க" என்று சரோஜா அக்கா வரப்பெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அதோடு நான் கரையேறியதுதான்.

மயில் நாற்காலி எங்கள் வீட்டுத் திரையில் முதலில் வந்தது ஒரு ராஜா படத்தில். அம்மா கையைத் தட்டி, "என் தம்பி செஞ்சது!" என்று கத்தினாள். பிறகு அது ஜமீன்தார் வீட்டுக்கு வந்தது. தாமரை ஒட்டிக்கொண்டு சாமி படத்தில் வந்தது. ஒரு சிரிப்புப் படத்தில் சலூன் நாற்காலியாகக்கூட உழைத்தது. ஒவ்வொரு முறையும் அம்மா, "தம்பி நல்லாருக்கான்" என்பாள். எனக்கு உள்ளுக்குள் உறுத்தும். ஒரு நாள் பள்ளிக்கூடத்து எரிச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டிவிட்டேன். "அம்மா, இதெல்லாம் எந்தக் காலத்துலயோ எடுத்த படம். இப்ப அவரு எப்படி இருக்காருன்னு இதுல எங்க தெரியும்?"

அம்மா கோபப்படவில்லை. "அது தெரியாதா எனக்கு? நீ மூக்கப் பாருடி" என்றாள்.

மயிலுக்கு அலகு என்றுதான் நான் பாடம் நடத்துவேன். அம்மாவுக்கு அது மூக்குதான். ராஜா படத்தில் இடது மயிலுக்கு மூக்கு நேராக இருந்ததாம். ஜமீன்தார் படத்தில் உடைந்து போயிருந்ததாம். அதற்குப் பிந்திய சாமி படத்தில் புது மூக்கு, கதிர் அறுக்கும் கருக்கரிவாள் போல நுனி வளைந்து. எது முந்தி எது பிந்தி என்று எப்படித் தெரியும் என்றேன். "கதாநாயகி மொகம் முத்திக்கிட்டே வருதுல்ல? மூக்க நம்மூரு அருவா மாதிரி வளைச்சு ஒட்டிருக்கான். பட்டணத்துக்காரனுக்கு அந்த வளைவு வருமா? இந்தச் சாமி படம் கடுதாசி நின்ன பொறவு வந்தது. அப்ப வரைக்கும் அவன் அங்கதான் இருந்திருக்கான்."

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, நின்றுபோன கடிதங்களின் மிச்சத்தை ஒரு நாற்காலியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் படமெடுத்த வருஷம் சொல்லிக்கொடுக்கப் போனேன்!

அடுத்த அறுவடைக்குள் தொலைக்காட்சியில் இன்னொரு படம் வந்தது. நான் கல்லூரியில் படித்தபோது வெளியான படம். நாற்காலி வில்லன் வீட்டு மூலையில் கிடந்தது. அரிவாள் மூக்கு உடைந்திருந்தது. அதன் மேலேயே வெள்ளையடித்த மாதிரி வண்ணம் பூசியிருந்தார்கள். "அவன் இருந்தா இப்புடி வுட்டுருக்க மாட்டான்" என்றாள் அம்மா. சரோஜா அக்கா அவள் முதுகில் கையை வைத்தாள். கடிதத்தில் இருந்த விலாசத்துக்கு நான் எழுதிப் போட்ட கார்டு, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அதன் பிறகும் அம்மா படம் பார்த்தாள். மாடிப்படியைக் கண்டுபிடிப்பாள், ஜாடியைக் கண்டுபிடிப்பாள். நாற்காலி வந்தால் மட்டும் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவாள்.

கண்ணாடிக் கடையில் நான் திரையருகே போய் நின்றது அந்த மூக்கைப் பார்க்கத்தான். மூக்கு இருந்தது. "இது பழைய சீரியலா?" என்று கேட்டேன். "இல்லீங்க டீச்சர், இப்ப ஓடுற சீரியல்" என்றார். அப்படியென்றால் அந்த வில்லன் படத்துக்குப் பிறகு யாரோ அதை ஒட்டியிருக்கிறார்கள். புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பதற்குள் காட்சி போய்விட்டது.

வீட்டுக்கு வந்து போனில் அந்த இடத்தைத் தேடி நிறுத்தினேன். விரலால் பெரிதாக்கினேன். நுனி வளைந்திருக்கிற மாதிரியும் இருக்கிறது, வெறும் நிழல் மாதிரியும் இருக்கிறது. மாமா இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். அவர் எப்போதாவது திரும்பிப் போய் ஒட்டினாரா, வேறு யாராவதா? புதுக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அம்மாவாக இருந்தால் குனிந்த வேகத்தில் சொல்லியிருப்பாள். அவள் போய் ஆறு வருஷமாகிறது. நான் இன்னும் நெல்லையும் புல்லையும் பார்த்துக்கொண்டு வரப்பில்தான் நிற்கிறேன்.