பெரிய வெள்ளியில் பந்து எறிந்தவன்

ஜெபசீலனுக்கு ஸ்டோர் டியூட்டி வாங்கிக் கொடுத்தது அவனுடைய வலது தோள்தான்.

வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் குழாய்களைச் சுற்றிச் சாரம் கட்டும் கூட்டத்தில் அவனும் ஒருவன். இரும்புக் கிளாம்புகளைக் கயிற்றில் கட்டித்தான் மேலே ஏற்ற வேண்டும் என்பது விதி. கடற்கரை ஊரான குறும்பனையிலிருந்து வந்தவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கீழே நின்றபடியே விட்டெறிவான். கிளாம்பு இரண்டு தட்டு உயரம் போய், மேலே இருப்பவன் நீட்டிய கையில் வந்து உட்காரும். ஒருநாள் பாதுகாப்பு மேலாளர் ஹோவர்ட் ரோத்மன் இதைப் பார்த்துவிட்டார். வேலை போயிற்று என்று எல்லோரும் விறைத்து நின்றார்கள். அமெரிக்கரான அவர் குனிந்து இன்னொரு கிளாம்பை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"இன்னொரு தடவை எறி, பார்க்கலாம்."

அப்படித்தான் கம்பெனியின் பேஸ்பால் அணிக்குப் பந்து எறிய ஒரு பிட்ச்சர் கிடைத்தான். அணியில் இருப்பவர்களுக்கு வெயில் வேலை கிடையாது. முந்தின ஆகஸ்டில் சாரத்தின் உச்சியில் மயங்கி, இடுப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஜெபசீலனை நான்கு பேர் சேர்ந்து இறக்கியிருந்தார்கள். இன்னொரு கோடையை மேலே கழிக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். ஸ்டோரில் ஏசி உண்டு. ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுத்தால் போதும்.

ரோத்மன் வாலிபத்தில் அமெரிக்காவில் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியவர். சின்ன ஊர் அணிகளில், பஸ்ஸிலேயே தூங்கி எழுந்து பல வருடம். பிறகு ஒரே ஒரு செப்டம்பரில் பெரிய அணியிலிருந்து அழைப்பு வந்தது. அவர் பந்து எறிய வேண்டிய நாளில் அவர்களுடைய பாவக் கழுவாய் நாள் வந்து விழுந்தது. அவர் யூதர். அந்த நாளில் வேலை கிடையாது, சோறு கிடையாது. ஆட மாட்டேன் என்று சொல்லி, ஜெப ஆலயத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரமே பழைய சின்ன அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அழைக்கவில்லை.

யூதர் என்பதை இந்த ஊரில் அவர் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. பயிற்சி முடிந்து தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்த ஜெபசீலனிடம் ஒரு சாயங்காலம் எதற்கோ சொன்னார். அவனோ அதைப் பைபிளில் வருகிற ஒருவருடைய கதையைப் போலப் பத்திரமாக வைத்துக்கொண்டான். மனைவி டெல்சியிடம் மட்டும் போனில் சொன்னான்.

இரண்டாயிரத்து ஏழில் இறுதி ஆட்டம் பெரிய வெள்ளியன்று என்று அறிவிப்பு வந்தது. மாலை மூன்று மணி. எதிரணி ஒரு கொரியக் கம்பெனி. எல்லோருக்கும் லீவு கிடைப்பது வெள்ளிக்கிழமைதான் என்பதால் யாரையும் குறை சொல்லவும் வழியில்லை.

"நேரா அந்த சாரிட்டயே போயி சொல்லுங்க," என்றாள் டெல்சி. "அவருக்குத் தெரியாததா?"

போனான். ரோத்மன் கேபினில் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், வெள்ளிக்கிழமை மூணு மணிக்குத்தான் இயேசு செத்தாரு. எங்க வீட்டுல அதுவரைக்கும் தண்ணிகூடத் தொட மாட்டோம்."

"தெரியும்."

"உங்களுக்குத்தான் சார் புரியும்."

ரோத்மன் ஒரு பூட்ஸை எடுத்து அதிலிருந்த மணலைக் கொட்டினார்.

"நான் ஆடல, ஜெபா. அப்புறம் பதினோரு வருஷம் ஃப்ரிட்ஜ் வித்தேன். எங்க ஜெப ஆலயத்துல அன்னைக்குக் கை குலுக்கினவங்க யாருக்கும் இப்ப என் பேர் ஞாபகம் இருக்காது. கடவுளும் ஒரு போன் பண்ணி நன்றின்னு சொல்லல. நீ ஆடு."

"ஆடலைன்னா?"

"ஸ்டோர் ஆட்டக்காரங்களுக்குன்னு வச்ச இடம்."

அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது. வெள்ளிக்கிழமை ரூமில் உடன் தங்கியிருந்த அருள்ராஜ் கட்டிலையெல்லாம் சுவரோரம் தள்ளிப் போட்டு, சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தான். ஜெபசீலன் சீருடையைப் பையில் சுருட்டிக்கொண்டு வெளியேறியபோது ஒருவரும் தலை நிமிரவில்லை.

மைதானத்தில், காலையிலிருந்து தண்ணீர் தொடாத நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியிருந்தது. ஆனாலும் தோள் சொன்னபடி கேட்டது. கேட்காமல் போயிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கடைசிச் சுற்றில் அடிக்க வந்த மூன்று கொரியர்களையும் வரிசையாக வெளியேற்றினான். அணியிலிருந்த ஜப்பான் இஞ்சினியர்கள் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள்.

ரோத்மன் தண்ணீர் டிரம் பக்கம் தனியாக நின்றார். கூட்டம் கலைந்த பிறகுதான் அருகில் வந்தார்.

"நல்லா எறிஞ்சே."

"நீங்க சொன்னதாலதான் சார் வந்தேன்."

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன்." அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கௌஸ் முகம்மதைத் தயாரா இருக்கச் சொல்லியிருந்தேன்."

கௌஸ் முகம்மது வருடம் முழுக்கப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் இரண்டாவது பிட்ச்சர். அன்று மட்டும் காலையிலிருந்து கையைச் சுழற்றிக்கொண்டிருந்தது ஏன் என்று ஜெபசீலனுக்கு இப்போது விளங்கியது.

"அப்ப ஸ்டோர்?"

"யாரு பிடுங்குவா? நான் விட்டிருப்பேனா?"

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"என்கிட்டயும் அன்னைக்கு யாரும் சொல்லல," என்றார் ரோத்மன். அவன் கோபப்படட்டும் என்று காத்திருப்பவர்போல நின்றார். அவன் அனேகமாகக் காலியாகியிருந்த டிரம்மைச் சாய்த்து, மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தான். மணி ஐந்தாகியிருந்தது.

ரூமில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கையக் கழுவிட்டு வாடே, பிலாத்து," என்றான் அருள்ராஜ். "கஞ்சி ஆறுது."

இயேசுவைச் சாகக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்ட அதிகாரியின் பெயரைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். ஜெபசீலனும் சிரிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெயர் கேம்ப் முழுக்கப் பரவி, கடைசியில் பாய்லர் செக்ஷனின் பாகிஸ்தானிகள்கூட அர்த்தம் தெரியாமல் அவனைப் "பிலாத்து பாய்" என்றே கூப்பிட்டார்கள்.

கோடை முழுக்க ஸ்டோர் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ரோத்மன் கையெழுத்துப் போட வந்தால் இருவரும் ஹெல்மெட்டின் சைஸைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். தன்னைப்போல மறுத்து நிற்க ஒருவன் வேண்டுமென்று இந்த மனிதர் ஆசைப்பட்டிருக்கிறார் என்பது ஜெபசீலனுக்குப் புரிந்துவிட்டது. ஆசைப்பட்டவர் கொஞ்சம் வழிவிட்டிருக்கலாம். அதைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை.

அக்டோபரில் ரோத்மன் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது, "தோள் வலிக்குது சார்," என்றான்.

தோள்களைப் பற்றி எல்லாம் தெரிந்த ரோத்மன் எங்கே வலிக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஃபோர்மேன் வந்தான். "ஸ்டோர் கலாஸ், முடிஞ்சுது. மேலே போ." ரோத்மன் தடுக்கவில்லை. ஜெபசீலன் சாரத்தில் ஏறத் தொடங்கியபோது, அவனுடைய பெல்ட்டுக் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று மட்டும் கீழே நின்று பார்த்தார். பிறகு அடுத்தவனுடையதைப் பார்க்கப் போனார்.