தம்பியின் இரத்தம்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை, குதிக்காலைத்தான் பார்த்தார். கொலஸ்ட்ரோல் அளவுமீறிய குடும்பங்களில் குதிக்கு மேலே உள்ள தசைநார் தடித்திருக்குமாம். மனிதர் மருத்துவ பீடத்தில் அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர்களுடைய தகப்பன் இளவயதிலேயே தோட்டத்தில் மண்வெட்டியோடு சரிந்தவர். சித்தப்பனும் அப்படித்தான். அடுத்தது தன் தம்பி என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அந்தத் தம்பிக்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

கோப்பாயில் எங்கள் வளவு முழுக்கத் தென்னை. சொதிக்கு ஒரு சொட்டுத் தேங்காய்ப்பால் விடக்கூடாது. முட்டை, இறைச்சி, கணவாய் எதுவும் ஆகாது. யுத்தத்தில் போட்ட பொருளாதாரத் தடை ஊருக்கெல்லாம் ஒன்று, எங்கள் அடுப்புக்கு மட்டும் இரண்டு.

விடியற்காலையில் அண்ணன் சைக்கிளில் வந்து வெறும்வயிற்றில் தம்பியின் இரத்தம் எடுப்பார். மின்சாரம் இல்லாத காலம். குழாயை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு, எங்கேயாவது ஜெனரேட்டர் ஓடும் நேரம் பார்த்துப் பரிசோதிக்கப் பறப்பார். கொழுப்பு இரத்தத்தில் தனியே போகாது, புரதத்தில் ஏறித்தான் போகும், ஒரு வகை இரத்தக்குழாய்ச் சுவரில் கொண்டுபோய் ஒட்டும், மற்ற வகை வழித்துக்கொண்டு வரும் என்று நாங்கள் சாப்பிடும்போது விளக்குவார். முடிவைக் கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்.

"அளவு கொஞ்சம் கூட. கவனமா இருக்கச் சொல்லும், பிள்ளை."

என் கணவர் பயந்தாங்கொள்ளி இல்லை. குண்டு போடும் பொம்மர் வந்தால் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "பங்கருக்குள்ளை வாங்கோ" என்று பதுங்குகுழிக்குள் இருந்து நான் தொண்டை கிழியக் கத்துவேன், சிரிப்பார். அதே மனிதர் முட்டைக்கு நடுங்குவார். அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்த அண்ணனை நான் மனதுக்குள் திட்டாத நாளில்லை.

ஒரு நாள் முற்றத்தில் நின்றவருக்குப் பின்தலையில் குண்டுச் சிதறல் பட்டது. ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்போம். சமைக்க வந்த அயல்பெண்கள், அவருக்கு என்ன விருப்பம் என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அவர் விரும்பி ஒன்றைச் சாப்பிட்டு நான் கண்டதே இல்லை. அவரைப் பெற்ற மாமிதான் யோசித்து ஆட்டிறைச்சி, முட்டைப்பொரியல், பால் விட்ட கணவாய்க்கறி என்று சொன்னார். உயிரோடு இருந்தபோது மணம்கூடக் காட்டாததையெல்லாம் படத்துக்கு முன்னால் ஆவி பறக்க வைத்தோம்.

அப்போதுதான் அண்ணனைக் கேட்டேன்.

"காயம் தலையிலை. நெஞ்சிலை ஏன் அத்தான் தையல்?"

"நான்தான் வெட்டிப் பாக்கச் சொன்னனான்" என்றார். அழுது வீங்கிய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இருதயக் குழாய் எல்லாம் சுத்தம், பிள்ளை. ஒரு பொட்டுக் கொழுப்பு இல்லை."

"உங்கடை பத்தியத்தாலையோ? இல்லாட்டி அவருக்கு அந்தக் கொழுப்பு வருத்தமே இல்லையோ?"

அவர் உண்மையிலேயே யோசித்தார். அந்த நேரத்திலும் அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஒரு ஆளை வைச்சு அதைச் சொல்லேலாது."

"எனக்கு இருந்தது அந்த ஒரு ஆள்தான்!" என்று கத்தினேன். படையலுக்கு முன்னால் கத்தக்கூடாது என்று மாமி என் வாயைப் பொத்தினார்.