சுதி சேர்த்துக்கொண்டே இருந்தவள்

வயலின்காரர் தொழிலில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: எதையும் நாமாக ஆரம்பிக்க வேண்டியதில்லை. பாடுகிறவர் போகிற வழியில் பின்னாலேயே போக வேண்டும். அவர் நிறுத்தினால் நாமும் நிறுத்திவிட்டு 'ஆகா' என்று தலையாட்ட வேண்டும். மேனேஜரின் பேச்சை எழுதிக்கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் நின்று கைதட்டுகிறவர்களுக்கும், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டு ஒரு போட்டோவில்கூட இல்லாமல் போகிறவர்களுக்கும் என் பிழைப்பு விளக்காமலே புரியும்.

காரைக்குடியில் வீட்டில் வயலின் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, சுற்றுவட்டாரக் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டு, தலை நரைக்கும்வரை இந்தச் சௌகரியத்திலேயே இருந்துவிட்டேன். போன வருஷம் ஒரு தனிக்கச்சேரிக்கு, அதாவது பாடகரே இல்லாமல் நான் நடுவில் உட்கார்ந்து வாசிப்பதற்கு, ஒப்புக்கொண்டேன். என்னால் முடியுமா என்று யோசிக்கும்போதெல்லாம், முடியாது என்று சாட்சி சொல்லப் பழைய சம்பவங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

பாடகர் வரும்வரை

ஒரு கல்யாண வரவேற்பு. வெளியூரிலிருந்து வரவேண்டிய பாடகரின் கார் வழியில் நின்றுவிட்டது. மேடையில் நானும், பல வருஷங்களாக என்னோடு மிருதங்கம் வாசிக்கும் சேகர் அண்ணனும் மட்டும். பெண்ணின் அப்பா ஓடிவந்து, "அவர் வர்ற வரைக்கும் நீங்களே எதையாச்சும் வாசிங்கம்மா" என்று கும்பிட்டார். சேகர் அண்ணன் தயாராகிவிட்டார். எனக்கு வில்லே எழும்பவில்லை. ஏசிக் காற்றில் தந்தி இறங்கிவிட்டது என்று சொல்லி அதை முறுக்கினேன். ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். சேகர் அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல மனிதர், அவரும் என்னோடு சேர்ந்து மிருதங்கத்தைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்.

பாடகர் வந்து சேர்வதற்குள் முதல் பந்தி முடிந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து முன்வரிசையில் பல் குத்திக்கொண்டிருந்த ஒருவர், கேலி கொஞ்சமும் இல்லாமல், உண்மையான அக்கறையோடு கேட்டார்: "ஏம்மா, நான் சாப்பிடப் போகையிலயும் சேர்த்துக்கிட்டு இருந்தீக, கை கழுவிட்டு வந்தும் சேர்த்துக்கிட்டே இருக்கீக. அந்தச் சுதி சேரவே சேராதா?"

மறதிக்கு மருந்து

சாக்கோட்டைப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. பாடகர் நல்ல வித்வான்தான். ஆனால் சரணத்துக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, கையை மேலே தூக்கியபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டம் அதை உருக்கம் என்று நினைத்தது. அடுத்த வரி மறந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். அந்த வரியின் மெட்டை வயலினில் முழுசாக வாசித்துக் காட்டினேன். அவர் அசையவில்லை. இன்னொரு முறை இழைத்து வாசித்ததும் பிடித்துக்கொண்டார். கைதட்டல் பறந்தது. கடைசியில் பொன்னாடையும் அவருக்கே.

எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். திரும்பி வரும்போது காரில் அவர் மனம் நிறைந்து சொன்னார்: "நீங்க பக்கத்துல இருந்தா மறந்துருமோங்கிற பயமே எனக்கு இல்லம்மா. அதனாலதான் இப்பல்லாம் வீட்டுல பாடிப் பாக்குறதையே விட்டுட்டேன்."

என்ன குழம்பு?

என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார், பொறுமைசாலி. பாடகர் ஒரு வரியை முடித்தால் அதன் வாலைப் பிடித்து வாசித்துப் பழகிய எனக்கு, பேச்சிலும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. "கரன்ட் போயிருச்சு" என்பார். "போயிருச்சு" என்பேன். "சாயங்காலம் மழை வரும் போல" என்பார். "வரும் போல" என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்ததும், "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்டார். நானும் அதே ஏற்ற இறக்கத்தோடு, "என்ன குழம்பு?" என்றேன்.

மனிதர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: "கல்யாணமான நாள்லேர்ந்து நானும் பாக்குறேன். ஒரு நாளாச்சும் நீயா ஒரு குழம்பைச் சொல்லு பாப்போம்!"

மாணிக்கம் சாரின் வில்

என்னிடம் படிப்பவர்களில் வயதில் மூத்தவர் மாணிக்கம் சார். அரசாங்க ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மடியில் வயலின் பெட்டியோடு நேமத்தான்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். வில்லை இழுத்தால், எண்ணெய் காணாத கதவைத் திறப்பது போல ஒரு சத்தம் வரும். அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. கதவைத் திறந்துகொண்டே இருப்பார்.

ஒருநாள் அவர் இல்லாமல் அவருடைய மனைவி மட்டும் வந்தார். இந்தச் சித்திரவதையை நிறுத்தச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, நானே மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "ரிட்டயர் ஆனதுலேர்ந்து அவுக ஆளே ஒடுங்கிப் போயிட்டாக, டீச்சர். பேச்சுக் கிடையாது, சாப்பாடு கிடையாது. இப்பக் காலையில அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு உசுரு வருது. நல்லா வரலைன்னு மட்டும் நிறுத்திராதீக."

நடுவில் ஒரு காலி இடம்

ஊரில் சிலரைச் சேர்த்துக்கொண்டு சின்னதாக இசைக்கூட்டம் நடத்துகிறவரும் அந்த மாணிக்கம் சார்தான். என்னைத் தனிக்கச்சேரிக்குக் கேட்டது அவர்தான். அபஸ்வரத்துக்கு அஞ்சாமல் தினமும் வில்லை எடுக்கிற மனிதர் வந்து கேட்கும்போது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

அந்தச் சாயங்காலமும் வந்தது. மேடை ஏறினேன். சேகர் அண்ணன் மிருதங்கத்தோடு உட்கார்ந்தார். தந்திகளைச் சரிபார்த்தேன். தம்புரா ஒலிக்கத் தொடங்கியது. பிறகு, வழக்கம்போல, காத்திருந்தேன். சபையும் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். மாணிக்கம் சார் முன்வரிசையில் நெளிந்தார். இன்னொரு முறை தந்தியை முறுக்கினேன். இன்னும் ஏன் தொடங்காமல் இருக்கிறார்கள் என்று எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. சேகர் அண்ணன் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, நாம யாருக்காகக் காத்திருக்கோம்?"

அப்போதுதான் பார்த்தேன். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் ஓரமாகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் ஜமக்காளமும் மைக்கும் பாடகருக்காகக் காலியாக இருந்தன. வயலினைத் தூக்கிக்கொண்டு நடுவுக்கு நகர்ந்தபோது சபை வாய்விட்டுச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். மோகன ராகத்தை எடுத்தேன். ஒரு சின்ன வரி வாசித்துவிட்டு நிறுத்தினால், அதற்குப் பதில் சொல்ல யாரும் இல்லை, நானே சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கும் சொல்வதற்கு இவ்வளவு இருந்ததா என்று வாசித்துக்கொண்டே போனேன். கச்சேரி முடிந்ததும் மாணிக்கம் சாரின் மனைவி எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்தபோது அழுதேவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது, கணவர் வண்டியை உதைத்துக் கிளப்புவதற்குள், "நாளைக்கு மீன் குழம்பு" என்றேன். உதைத்த காலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்: "நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே!"

ஆகவே, யாராவது வந்து ஆரம்பிக்கட்டும் என்று ஓரமாக உட்கார்ந்து இன்னும் தந்தியை முறுக்கிக்கொண்டிருக்கும் என் இனத்தாரே, சுதி சேர்ந்து வெகுநேரம் ஆகிறது.