ஆரத்திக்குப் போன அரக்கு மை

பட்டுப்புடவைக்கு பார்டர் டிசைன் போடுவது என் தொழில். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக மயிலும் யாளியும் வரைவேன். எந்த வண்ணம் வேண்டுமானாலும் மவுஸை ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும். அதனால் வண்ணங்களைப் பற்றி எனக்கு எல்லாமே தெரியும் என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள் நம்பினாள். ஒன்பது வயதான என் மகள்.

பள்ளி திறக்கச் சில நாள் இருக்கும்போது, கடையில் எதுவும் வாங்காமல் மை செய்து படம் வரைய வேண்டும் என்று அவளும் எதிர்வீட்டுச் சிநேகிதியும் முடிவு செய்தார்கள். இரண்டு பேரையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றினேன். ஓரிக்கை சாலை வேலியில் சங்குப்பூ. ஏனாத்தூரில் மரத்தடியில் நசுங்கிக் கிடந்த நாகப்பழம். தென்னேரி ஏரிக்கரையில் கருவேலங்காய், அந்த மரத்திலேயே வடிந்திருந்த பிசின். நான் குனிந்து காய் பொறுக்குவதை ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டுக்கா சார்?"

"இல்லீங்க. படம் வரைய."

"ஆடு துன்னாலாவது ஒரு அர்த்தம் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீலம் வந்தது. ஊதா வந்தது. கருவேலங்காயைத் துருப்பிடித்த ஆணியோடு ஊறவைத்ததில் நல்ல கறுப்பும் வந்தது, முதலில் என் வேட்டியில். சிவப்புதான் வரவில்லை. செம்பருத்தியைக் கொதிக்கவைத்தால் சாக்கடைத் தண்ணீர் மாதிரி ஏதோ வந்தது. காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு அரக்குச் சிவப்பில் பார்டர் இல்லாவிட்டால் அது படமே இல்லை. கோபுரத்துக்கு பார்டர், யானைக்கு பார்டர், காக்காய்க்குக்கூட பார்டர்.

கடைசியில் பொங்கலுக்கு வாங்கிக் கொல்லையில் எறிந்த மஞ்சள் கொத்து முளைத்திருப்பதைப் பார்த்தேன். தோண்டி அரைத்து, வெற்றிலைக் கடையில் கெஞ்சி வாங்கிய சுண்ணாம்பைக் கலந்து, பிசின் போட்டுக் காய்ச்சினோம். பளபளவென்று அரக்கு! தொட்டு வரைய வசதியாக ஒரு தாம்பாளத்தில் ஊற்றிவைத்தார்கள்.

அன்றைக்கு வீட்டில் இன்னொரு விசேஷமும் இருந்தது. என் மனைவியின் தம்பி, கோயம்புத்தூர்ப் பெண்ணைத் திருமணம் செய்து முதல் முறையாக விருந்துக்கு அழைத்து வருகிறான். அந்தப் பெண்ணுக்கு பேங்கில் வேலை. போனில் என் மனைவியை "மேடம்" என்றுதான் கூப்பிடுவாள். என் மனைவிக்கு அது ஆறவில்லை.

"என்னை இன்னா லோன் கேக்க வந்தவன்னு நெனச்சிக்கினு இருக்குதா அந்தப் பொண்ணு? ஒரு வாட்டி அண்ணின்னு கூப்பிட்டா வாய் வலிக்குமா? இன்னிக்கு அது வாயால கேக்காம உடமாட்டேன்."

அதற்காக மூன்று விதப் பாயசம். எனக்கு ஒரே ஒரு வேலை: ஆரத்தி கரைத்துவைப்பது. மறந்துவிட்டேன்.

வாசலில் கார் நின்றது. சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவி தாம்பாளத்தைப் பார்த்தாள். "பரவால்லையே, சொன்ன வேலைய செஞ்சிட்டிருக்கீங்களே!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்ட முதல் பாராட்டு. அதை அனுபவித்து முடிப்பதற்குள் அவள் வாசலுக்குப் போய்விட்டாள். சரி, அதுவும் மஞ்சள் சுண்ணாம்பு, இதுவும் மஞ்சள் சுண்ணாம்பு என்று சமாதானம் செய்துகொண்டேன். பிசின் ஞாபகத்துக்கு வரவில்லை.

சுற்றினாள். இரண்டு நெற்றியிலும் தாராளமாகப் பொட்டு வைத்தாள். மீதியைத் தெருவில் கொட்டினாள்.

"ஐயோ, எங்க அரக்கு!" என்று இரண்டு பிள்ளைகளும் அலறினார்கள்.

இலை போடும்போது அந்தப் பெண் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தாள். பொட்டு அசையவில்லை. மனைவி ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"அது போவாதும்மா" என்றாள் மகள், செய்தவளுக்கு உரிய பெருமையோடு. "பிசின் போட்டு நல்லா காய்ச்சினோம். மழ பெஞ்சாக்கூட போவாது."

"நாளைக்கு பேங்க் போகோணுங்க மேடம்" என்றாள் புதுப்பெண்.

அந்த மேடமில் என் மனைவி முகம் விழுந்துவிட்டது. வண்ண நிபுணன் சும்மா இருக்கலாமா? எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கொண்டுவந்து தேய்த்தேன். சிவப்பு போயிற்று. அந்த இடத்தில் மஞ்சள் வந்தது.

"தள்ளுங்க!" என்று மனைவி சோப்பு போட்டாள். மறுபடியும் சிவப்பு, இந்த முறை புருவம் வரைக்கும். நான் பழத்தைத் தேய்த்தேன். மஞ்சள். அவள் சோப்பு. சிவப்பு.

"செவப்பு! மஞ்சா! செவப்பு!" என்று பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். மச்சான் தன் பொட்டைக் கையால் பொத்திக்கொண்டு சுவரோரம் நகர்ந்தான்.

இந்தப் பக்கம் சோப்போடு அவள், அந்தப் பக்கம் பழத்தோடு நான், ஒரே நேரத்தில் நெருங்கினோம். அந்தப் பெண் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"அண்ணி! போதும் அண்ணி! மொதல்ல அந்தாளு கையில இருக்கற பழத்தப் புடுங்குங்க அண்ணி!"

மனைவியின் கையிலிருந்து சோப்பு நழுவியது.

"இன்னாம்மா சொன்ன?"

"பழத்தைப் புடுங்கச் சொன்னனுங்க..."

"அதுக்கு முன்னாடி?"

"அண்ணின்னு..." என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி ஒரே எட்டில் வந்து என் கையிலிருந்த பழத்தைப் பிடுங்கினாள்.

சாயங்காலம் கிளம்பும்போது பெண்ணின் நெற்றி மஞ்சள், மாப்பிள்ளை நெற்றி சிவப்பு. கார் திரும்பும் வரைக்கும் கையாட்டிக்கொண்டிருந்த மனைவி, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"பொங்கலுக்கு வர்றாங்க. அதே மைய கரைச்சு வைங்க. பிசினு மட்டும் கொஞ்சம் கம்மியா."