எட்டாவது சிப்பாயின் முகம்

ஆரணியில் நான் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவதுதான் முக்கிய வேலை. என் கணவர் பிள்ளையார் சிலைகளுக்கு வர்ணம் அடிக்கிறவர். அதனால்தான் எங்கள் ஊர்ப் பட்டு முதலாளி ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டு அனுப்பினார்.

பட்டு நூல் வாங்குகிற விஷயமாகச் சீனாவுக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். அங்கே ஒரு பழைய ராஜாவின் சமாதிக்குக் காவலாகப் புதைத்து வைத்திருந்த மண் சிப்பாய்களைப் பார்த்திருக்கிறார். அதே மாதிரி எட்டுச் சிப்பாய்கள் தனக்கும் வேண்டும் என்றார்.

"எல்லாரும் அது மண் கலர்னு நெனச்சிகினு இருக்காங்க. பொதைக்கும்போது அப்படி இல்லம்மா. இதப் பாரு."

பழைய நிறத்தைக் கண்டுபிடித்து மறுபடி அடித்துவைத்த ஒரு சிலையின் படம் அவர் போனில் இருந்தது. கறுப்புக் கவசம். அதன் தகடுகளைச் சேர்த்துக் கட்டிய சிவப்புக் கயிறு. உள்ளே கிளிப்பச்சை அங்கி, கையோரத்தில் வான நீலம், கால்சட்டை கத்தரிப்பூ, கழுத்தில் ரோஸ் துணி. முகம் மட்டும் ரத்தம் ஓடுகிற தோல் போல இருந்தது. வெள்ளை விழியும் கறுப்புப் பாவையும் நேராக என்னையே பார்த்தன. அந்த நிறங்களில் ஒன்றும் எங்கள் ஊருக்குப் புதிதில்லை, எல்லாம் புடவையில் பார்த்ததுதான். சாவுக்குக் காவல் நிற்கிற ஆள் மேல் பார்க்கும்போது என்னவோ போலிருந்தது.

"தோண்டி எடுத்ததும் காத்து பட்டு, அடியில பூசின அரக்கு சுருண்டு கலரெல்லாம் உதிர்ந்துடுச்சாம். நம்மளுது உதிரக்கூடாது. துணிமணி உன் வீட்டுக்காரர் அடிக்கட்டும். மூஞ்சி நீ எழுது. தோல் கலர் உனக்குத்தான் தெரியும்."

"எங்க வைக்கப் போறீங்க முதலாளி?" என்று கேட்டேன்.

"எடம் ரெடி ஆயிகினு இருக்குது."

புதிதாகக் கட்டுகிற கடை வாசலுக்கு என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

படவேடு பக்கம் கோயிலுக்கு மண் குதிரை செய்கிற ஒருவர் சிப்பாய்களைச் செய்தார். உடம்பு தனி, தலை தனி. உடம்புகள் என் கணவரின் கொட்டகைக்குப் போயின. தலைகளை வைக்கோல் சுற்றி என் பார்லருக்கு அனுப்பினார்கள். கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக வைத்தேன். உச்சியில் ஒரு பக்கமாகச் சாய்ந்த கொண்டை, மெல்லிய மீசை. அதைத் தவிர ஒன்றைப் போல் ஒன்று இல்லை. புருவம் எடுக்க வந்த ஒரு பெண், நாற்காலியைத் திருப்பிப் போட்டால்தான் உட்காருவேன் என்றாள்.

இரண்டாவது நாள்தான் ஒரு தலையின் உடைந்த மூக்கை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. முதலாளியின் தறி ஷெட்டில் வேலை செய்கிறவர். பக்கத்துத் தலையும் அதே ஷெட்தான். ஏழு பேரும் அவருடைய ஆட்கள். எட்டாவதைத் திருப்பினேன். என் கணவர்.

முதலில் சிரிப்புதான் வந்தது. முன்பு கொட்டகைக்கு வந்தபோது முதலாளி அவரைப் போனில் எடுத்த படத்தைப் பார்த்து வடித்திருக்கிறார்கள். அந்த முகத்தை எழுத எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கன்னத்தின் கருமை, உதட்டோரக் கோணல் எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. நன்றாக வந்ததில் பெருமைகூடப் பட்டேன்.

தலையையும் உடம்பையும் ஒட்டியாயிற்று, கழுத்தில் ஒட்டிய இடத்துக்கு வர்ணம் போட்டுத் தரச் சொல்லி எங்கள் இரண்டு பேருக்கும் வண்டி அனுப்பினார்கள். வண்டி கடைப் பக்கம் திரும்பாமல் கண்ணமங்கலம் ரோட்டில் போய், ஊருக்கு வெளியே இருக்கிற முதலாளியின் கொல்லைக்குள் நுழைந்தது. தென்னைகளுக்கு நடுவில் சிப்பாய்கள் வட்டமாக, வெளியே பார்த்து நின்றிருந்தார்கள். வட்டத்துக்குள் ஆளுயரத்துக்குச் செங்கல் வைத்துக் கட்டிய ஒரு குழி இருந்தது. உள்ளே சுண்ணாம்புகூட அடித்திருந்தது.

முதலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எங்க வூட்ல பொதைக்கறதுதான் வழக்கம்" என்றார்.

"அவங்களுக்கெல்லாம் தெரியுமா முதலாளி? மூஞ்சி வெச்சது?"

"என் ஆளுங்கதானம்மா. இதுல கேக்க இன்னா இருக்குது?"

கழுத்துகளுக்கு வர்ணம் போட்டு முடித்தோம். திரும்பி வரும்போது என் கணவர், "மண்ணுதானே, விடு" என்றார்.

மறுநாள் காலையில் உடைந்த மூக்குக்காரரின் மனைவி புருவம் எடுக்க வந்தாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அவர் செத்தா என் வூட்டுக்காரர் ஏன்க்கா காவல் நிக்கணும்? உயிரோட நிக்கறது போதாதா?"

ஒரு புருவம் எடுத்து, இன்னொன்று எடுக்காமல், அப்படியே என்னோடு பஸ் ஏறினாள். அங்கிக்கு அடித்தது போக மிச்சமிருந்த பச்சை டப்பாவைக் கிளம்பும்போதே எடுத்துக்கொண்டிருந்தேன். கொல்லையில் யாரும் இல்லை. எட்டு முகத்துக்கும் பச்சை அடித்தோம். அவளுக்குப் பிரஷ் பிடிக்கத் தெரியாது, கையாலேயே பூசினாள். என் கணவரின் முகத்தை நானேதான் பூசினேன், கண்ணைக் கடைசியில் மூடினேன்.

முடிக்கப்போகிற நேரத்தில் கார் வந்தது. முதலாளி இறங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார்.

"ஏன்மா பச்சை?"

"சீனாவுலயும் ஒண்ணு பச்சை மூஞ்சியோட கெடச்சிருக்குதாம். போன்ல பாத்தேன். ஏன் அப்படி அடிச்சாங்கன்னு யாருக்கும் தெரியலையாம். இதுங்களும் யாரோட மூஞ்சியும் இல்லாததாவே இருக்கட்டும் முதலாளி."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குழியின் ஓரத்தில் மெல்லக் குனிந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் சட்டை உடம்பில் எவ்வளவு தொளதொளவென்று தொங்குகிறது என்று கவனித்தேன். வருகிறவர்களின் தோலைப் பார்த்துப் பார்த்தே பிழைக்கிறவள் நான். அவர் முகத்தில் ஏறியிருந்த மஞ்சள் எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"வேலூர்ல டாக்டர் கைய விரிச்சிட்டாரு" என்றார். "தெரிஞ்ச மூஞ்சியா சுத்தி நின்னா பயம் இல்லாம இருக்கும்னு பாத்தேன்."

உடைந்த மூக்குக்காரரின் மனைவி பச்சைக் கையை மண்ணில் துடைத்துக்கொண்டே, "கேட்டிருந்தா அவங்களே உங்கள வந்து பாத்திருப்பாங்க இல்ல" என்றாள். அவர் எங்களைத் தடுக்கவில்லை, மிச்சத்தையும் பூசி முடித்தோம்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். ஷெட்டில் வேலை செய்கிறவர்கள்தான் தூக்கி வந்தார்கள். பெண்கள் போகிற வழக்கம் இல்லைதான், ஆனாலும் அன்றைக்கு நாங்களும் கொல்லை வேலி வரைக்கும் போயிருந்தோம். மண் தள்ளிய பிறகு எல்லோரும் கிளம்பவேண்டியதுதானே? கிளம்பவில்லை. ஒவ்வொருவராகச் சிப்பாய்களைச் சுற்றிவந்து உற்றுப் பார்த்தார்கள். பச்சை அடித்து என்ன, மண்ணில் வடித்த மூக்கும் காதும் அப்படியேதான் இருந்தன.

"தோ, இது நானு" என்றார் உடைந்த மூக்குக்காரர். அவர் மனைவி வேலியைத் தாண்டி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

என் கணவர் எட்டாவது சிப்பாயின் முன்னால் நின்றிருந்தார். வாங்க போகலாம் என்று கூப்பிட்டேன்.

"நீ முன்னால போ" என்றார், திரும்பாமல். "நான் கொஞ்சம் இருந்துட்டு வரேன்."

அன்றைக்கு அவர் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிட்டது. இப்போதும் அந்தக் கண்ணமங்கலம் ரோட்டுப் பக்கம் வேலை என்று போனால் சீக்கிரம் வருவதில்லை. எங்கே போனீர்கள் என்று நான் கேட்பதில்லை.