மொங்கோலியத் தயிர்க்கட்டி

மொங்கோலியாவுக்குப் பயணம் போய் வந்த சிநேகிதி நீட்டிய பொட்டலத்தைத் திறந்ததும் புளித்த பால் மணம் மூக்கில் ஏறியது. யுத்த காலத்துக் கொழும்பு வெள்ளவத்தை வீடும் ஒரு காலைப்பொழுதும் உடனே நினைவுக்கு வந்தன.

சித்தப்பா மொங்கோலியாவில் மிருக வைத்தியம் படித்துவிட்டு வந்து எங்களோடு தங்கியிருந்தார். அவர் கொண்டுவந்த தயிர்க்கட்டிகள் வெள்ளையாக, கல் போல இறுகியிருந்தன.

"அங்கை கண்ணுக்கெட்டின தூரம் புல்லுத்தான் அண்ணி. கூடாரக் கூரையிலை தயிரைக் காயவைச்சு, பனிக்காலம் முழுக்க இதைத்தான் சூப்புவினம்" என்பார்.

அம்மா மூக்கைப் பொத்துவார். "வீடெல்லாம் நாறுது தம்பி, வெளியிலை எறியும்."

அன்று காலை சோதனைக்கு வந்த ஆமிக்காரன் அந்தப் பையைத் தரையில் கொட்டினான். "மே மொனவத?" என்று சிங்களத்தில் கேட்டான், இது என்ன என்று. வெடிமருந்து என்று நினைத்துவிட்டான் என்பது எனக்கே விளங்கியது.

அம்மா குனிந்து ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டார். "கிரி, மாத்தயா. பால்தான்." கண்ணில் நீர் வர அதைச் சூப்பிக் காட்டினார்.

அவன் கட்டிகளை விட்டுவிட்டான். ஆனால் சித்தப்பாவை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அம்மா வாசலுக்கும் யன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். சமைக்கவில்லை, எங்களோடு ஒரு வார்த்தை கதைக்கவுமில்லை. பின்னேரம் சித்தப்பா படியேறி வந்தார்.

"அடிச்சவங்களோ?"

"இல்லை அண்ணி."

அம்மாவின் பேச்சுக் குழறியது. அப்போதுதான் கவனித்தேன்: அந்தக் கட்டி இன்னும் கன்னத்துக்குள் இருந்தது. துப்ப மறந்திருந்தார்.