உலைக்குள் தொங்கிய பல்ப்

ஹமீட் எப்படிப்பட்ட மனுஷன் என்று ஏறாவூரில் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். மீதிப்பேர் திறந்தால் மூட மாட்டார்கள். மூக்கு நுனியில் கோபம் அவருக்கு. தேத்தண்ணியில் சீனி கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. பன்னிரண்டு வருஷம் சவூதியில் ஒரு சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் உலை பார்த்தவர். திரும்பி வரும்போது கொண்டுவந்தது ஒரு தையல் மெஷின், இரண்டு கம்பளி, இடது கையில் மடங்காத இரண்டு விரல்கள். ஈரம் காயாத கிண்ணத்தைச் சூடான உலைக்குள் வைத்தார், அது வெடித்தது. இதை அவர் யாருக்கும் ஒளித்ததில்லை. "எண்ட மடத்தனம்தான். வேற ஆர்ட?" என்று விரல்களைத் தூக்கிக் காட்டுவார்.

கடல் வந்த அன்று காத்தான்குடிக் கரையில் அவருடைய மனைவி நஸீறாவின் தாயும் தங்கையும் தண்ணீரோடு போனார்கள். அதற்குப் பிறகு நஸீறாவால் ஒரு இரவு தனியாக இருக்க முடியவில்லை. ஹமீட் சவூதியைக் கைகழுவிவிட்டு வந்தார். இங்கே அகப்பட்ட வேலையெல்லாம் செய்து, எல்லாரோடும் பிடுங்குப்பட்டு, கடைசியில் செங்கலடிப் பக்கம் புதிதாகக் கட்டிய மண் பரிசோதனைக் கூடத்தில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தார். கடல் தண்ணீர் ஏறிய வயல் வட்டைகளின் மண்ணைச் சோதிப்பதற்கென்று சுனாமிக் காலத்தில் வெளிநாட்டார் கொடுத்த உதவி அது. கட்டி முடிக்க ஐந்து வருஷம். அதற்குள் அந்த வட்டைகளில் பல போகம் விதைத்தும் அறுத்தும் ஆகிவிட்டது. யார் கேட்பது?

உலை வந்தது 2009 மார்கழியில். சண்டை முடிந்து ஏழு மாதம், ஆனால் ரோட்டில் ஆமியின் சோதனைச் சென்றிகள் இன்னும் எழும்பவில்லை. கொழும்பிலிருந்து வந்த லொறியில் பெட்டிக்குக் காவலாக ஹமீட் உட்கார்ந்திருந்தார். வழியில் ஒரு சென்றியில் ஆமிக்காரன் மறித்தான். பலகைப் பெட்டியை உடைத்தான். உள்ளே தடித்த இரும்புப் பெட்டி, அதற்குள் நாலு பக்கமும் வெள்ளைச் செங்கல், செங்கல் காடிகளில் சுருள் சுருளாகக் கம்பி.

"மேக்க மொகக்த?" என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

ஹமீட் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மண் எரிக்கிற அடுப்பு என்றார். மண்ணை எவனாவது எரிப்பானா? அவனுக்குச் சந்தேகம் கூடியதுதான் மிச்சம். பெரியவனைக் கூப்பிட்டு, அவன் இன்னொருவனைக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் உலை வாயைத் திறந்தபடி கொட்டுகிற மழையில் கிடந்தது. ஹமீட் தன் மழைக்கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டார். அவன் அதையும் தூக்கி எறிந்தான். வெள்ளைச் செங்கல் கஞ்சி குடிப்பதுபோல மழைத் தண்ணீரைக் குடித்தது. ஹமீட் அதைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றார்.

கூடத்தின் பணிப்பாளர் அழகரத்தினம். ஆரையம்பதிக்காரர், எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை, எதற்கும் அவசரம். உலையைக் கண்டதும், "வாற வெள்ளிக்கிழமை திறப்பு விழா. கொழும்பால பெரிய ஆக்கள் வாறாங்க. உலை சிவக்கச் சிவக்க எரியோணும்" என்றார்.

"ஏலாது சேர்" என்றார் ஹமீட். "செங்கல் நனைஞ்சிட்டு. ஈரத்தோட கரண்ட் குடுத்தா கம்பியில இருந்து தண்ணி வழியா இரும்புக்கு வரும். சூடு ஏத்தினா செங்கல் வெடிக்கும். முதல்ல காயோணும்."

"எத்தின நாள்?"

"நாலு நாளாவது வேணும். மறுகா மெல்ல மெல்லச் சூடு ஏத்த ரெண்டு நாள்."

அழகரத்தினம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் ஹமீட்டுக்கு நல்ல முகம் காட்டியவர் கிடையாது. அவரும் காட்டவில்லை, அது வேறு கதை. உலை வைக்க மரமேசை கொண்டுவந்தார்கள். ஹமீட் அதைத் தூக்கி வெளியே போட்டு, இரும்புச் சட்டத்தில் சீமெந்துப் பலகை வைத்து மட்டம் பிடித்தார். சுவரோடு ஒட்டி வைத்ததை ஒரு முழம் இழுத்தார். அழகரத்தினத்தின் மனைவி சீதேவிப்பிள்ளை தெரிந்தெடுத்து மாட்டிய ஊதாத் திரைச்சீலை உலைக்குப் பக்கத்திலேயே தொங்கியது. அதைக் கழற்றிச் சுருட்டி அந்த அம்மா கையிலேயே கொடுத்துவிட்டார். கொடுக்கிற முறை என்று ஒன்று இருக்கிறதே! அது ஹமீட்டுக்கு வராது.

உலைக்கென்று தனி வயர் இழுத்து, நிலத்தில் ஏர்த் கம்பி இறக்க வந்தவன் வினோஜன். ஒப்பந்தக்காரர் அனுப்பிய கரண்ட் வேலைக்காரன். கெட்டவன் இல்லை, ஆனால் வேலையை முடித்துவிட்டு ஓடுகிற சாதி. சுவிட்சைப் போட்டான், ட்ரிப் சுவிட்ச் படக்கென்று விழுந்தது. திரும்பப் போட்டான், திரும்ப விழுந்தது. ஈரச் செங்கல் வழியாகக் கரண்ட் ஒழுகுகிறது என்று அது சொல்கிறது. வினோஜன் அதன் வாயை அடைத்தான். ட்ரிப்பைத் தாண்டி வயரை நேரே கொடுத்தான். உலைக் கதவு திறந்தால் கரண்ட் தானாக நிற்பதற்கு ஒரு சின்ன பட்டன் இருக்கும், கதவு சரியாகப் பொருந்தாததால் அதையும் டேப் சுற்றி அமத்திவிட்டான்.

ஹமீட் மத்தியானச் சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தார். அவர் போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டது.

"டேய், இது ஆரைக் கொல்லுறதுக்கு?"

"நானா, சேர்தான் எப்படியாவது எரிய வையெண்டு சொன்னவர்" என்றான். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சேர் கிணத்துல குதியெண்டா குதிப்பியா? கதவைத் திறந்து ஒருத்தன் இரும்புக் குறடை உள்ள விட்டு, அது கம்பியில பட்டா, நிண்ட இடத்துல முடிஞ்சான். தெரியுமா உனக்கு?"

டேப்பைப் பிய்த்து எறிந்தார். ட்ரிப்பைத் திரும்பப் பூட்ட வைத்தார். உலைக்கான பெரிய சுவிட்சை இறக்கி, பெட்டிக்கு ஒரு ஆமைப்பூட்டுப் போட்டு, திறப்பை, அதுதான் சாவியை, தன் இடுப்புப் பெல்ட்டில் கட்டிக்கொண்டார். பிறகு வேறொரு பிளக்கிலிருந்து வயர் எடுத்து, நூறு வோட் பல்புகள் இரண்டை உலைக்குள் தொங்கவிட்டு, கதவை நாலு விரல் திறந்து வைத்தார். ஈரம் அந்த வெக்கையில் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும்.

கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு வைக்கிற அதே பல்ப். கூடமே சிரித்தது.

"என்ன ஹமீட், முட்டை பொரிக்க வெச்சிரிக்கிறீரோ?" என்று அழகரத்தினம் கேட்டார். போகிற வருகிற ஆளெல்லாம் "குஞ்சு வந்திட்டா நானா?" என்று எட்டிப் பார்த்தார்கள். ஹமீட் உலைக்குள் கையை விட்டுச் செங்கலைத் தடவிப் பார்த்தார்.

புதன்கிழமைதான் பால் கதை வந்தது. சீதேவிப்பிள்ளை ஒரு பித்தளைக் குடத்தோடு வந்தார், கழுத்தில் மஞ்சள் கட்டிய குடம். புதுக் கட்டிடம், புது அடுப்பு, முதலில் பால் பொங்க வேண்டாமா? உலைக்குள்ளேயே வைத்துப் பொங்க விடுவது என்று முடிவு. ராகு காலம் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கழியும், பன்னிரண்டு பத்துக்குப் பால்.

ஹமீட் குடத்தைப் பார்த்தார். உலையின் வாயைப் பார்த்தார். குடம் உள்ளே போனால் இரண்டு பக்கக் கம்பியிலும் உரசிக்கொண்டுதான் போகும். பிடித்திருக்கிற கை?

"அம்மா, இது அடுப்பில்ல. இதுக்குள்ள பால் வைக்கப்படாது. வெளிய மூணு கல்லு வெச்சுப் பொங்குங்க, நானே விறகு கொண்டுவந்து தாறன்."

அவர் சொன்னது அவ்வளவுதான், அதுவும் அவர் கணக்கில் பணிவாகத்தான். ஆனால் திரைச்சீலைக் கோபம் அந்த அம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

"உங்கட ஆக்களுக்கு நாங்க பால் பொங்குறது பிடிக்காது. அதை நேர சொல்லுங்களன். என்னத்துக்குக் கரண்டைச் சாட்டுறீங்க?"

மண் சோதிக்கிற பிரஷாந்தி, சந்தியில் பால் வியாபாரம் செய்கிறவரின் மகள், கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஹமீட்டின் முகம் கறுத்தது.

"எங்கட ஆக்கள், உங்கட ஆக்கள் எண்டு கரண்டுக்குத் தெரியாதம்மா" என்றார். "உங்களுக்கு விளங்காட்டி விடுங்க. திறப்பு எங்கிட்ட இரிக்கு. நான் தர மாட்டன்."

"ஹமீட், வேலை வேணுமா வேணாமா?" என்றார் அழகரத்தினம்.

வேலை வேண்டும். நஸீறாவை விட்டுவிட்டு இனி எந்தப் பாலைவனத்துக்கும் போக முடியாது. அப்படியும் திறப்பைக் கொடுக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்றார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அழகரத்தினமே வந்து, "சரி, உலையைச் சும்மா காட்டுவம். பால் வெளிய பொங்கும். நீர் தொழுதிட்டு வாரும்" என்றார். சவூதியில் காய்ச்சலோடும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையை விடாத மனுஷன் ஹமீட். நம்பினார். கோபக்காரர்கள் லேசில் நம்பிவிடுவார்கள், அதுதான் அவர்களுடைய கேடு. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏறாவூருக்குப் போனார்.

பள்ளிவாசலில் கை முகம் கழுவி, வுழூ எடுத்து நிமிர்ந்தபோது போன் அடித்தது. பிரஷாந்தி. குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருந்தது.

"நானா, பூட்டை வெட்டிட்டாங்க. பல்பையெல்லாம் கழட்டிட்டாங்க. ட்ரிப் விழுதெண்டு வினோஜன் திரும்பவும் நேர குடுத்திட்டான். கதவுப் பட்டனுக்கும் டேப். அம்மா செருப்பைக் கழட்டிட்டு நிக்கிறா. நிலமெல்லாம் மஞ்சள் தண்ணி தெளிச்சிரிக்கு."

ஈர நிலம், வெறுங்கால், கையில் பித்தளை. பின்னால் குத்பாப் பிரசங்கத்துக்கு அதான் சொல்லத் தொடங்கினார்கள். ஹமீட் ஈரக் கையோடு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அவ்வளவு தூரமும் வாய் விட்டு ஏசிக்கொண்டே ஓட்டினார். அழகரத்தினத்தை, வினோஜனை, அந்த ஆமிக்காரனை, எல்லாரையும்விட நம்பின தன்னை.

உள்ளே கொழும்பிலிருந்து வந்த பெரியவர் மைக்கில் பேசி முடிக்கும் நேரம். உலைக் கதவு திறந்திருந்தது, கம்பிகள் மங்கலாகச் சிவந்திருந்தன. சீதேவிப்பிள்ளை இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்தபடி உலையை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவரை எட்டிப் பிடிக்க நடுவில் நாற்பது பேர் நின்றார்கள். ஹமீட் அந்தப் பக்கமே போகவில்லை. வாசல் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை அடித்து இறக்கினார்.

மைக் செத்தது. மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. பெரியவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஆர்ரா அது?" அழகரத்தினம் பாய்ந்து வந்து ஹமீட்டின் சட்டையைப் பிடித்தார். "மானத்த வாங்கிட்டியேடா! வெளிய போ! இப்ப போ!"

"போறன். ரெண்டு நிமிஷம் தாங்க, மறுகா போறன்."

சட்டையிலிருந்த கையைப் பிய்த்துவிட்டு முன்னால் போனார். மேசைக்குக் கீழே எறிந்திருந்த பல்பில் ஒன்றை எடுத்தார். அதன் ஒரு வயரைக் குடத்தின் கழுத்தில் சுற்றினார், மற்ற வயரை ஏர்த் கம்பியில் சுற்றினார். குடத்தை வாங்கி, காய்ந்த கம்பு ஒன்றால் உலைக்குள் தள்ளினார். உள்ளே அது கம்பியில் உரசி நின்றது. எல்லாரையும் சுவரோரம் போகச் சொன்னார். அந்தச் சத்தத்துக்குப் பெரியவரும் போனார்.

"வினோஜன், மெயினைப் போடு."

வினோஜன் அழகரத்தினத்தைப் பார்த்தான்.

"போடடா எண்டன்!"

போட்டான். ஹமீட்டின் கையில் தொங்கிய பல்ப் பளீரென்று எரிந்தது. பால் ஆடை அசையாமல் குடத்தில் இருந்தது, பொங்கக்கூட இல்லை. பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாத குடம்.

"இந்த பல்ப் இரிக்கிற இடத்துலதான் அம்மா நீங்க நிண்டிருப்பீங்க" என்றார்.

குஞ்சு வந்ததா என்று கேட்டவர்கள் இன்னும் ஒரு அடி பின்னால் போனார்கள். சீதேவிப்பிள்ளை பல்பைப் பார்த்தார், ஈரமான தன் கால்களைப் பார்த்தார், பிறகு கைகள் இரண்டையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். ஹமீட் மெயினை இறக்கச் சொல்லி, குடத்தைக் கம்பால் இழுத்து வெளியே எடுத்தார்.

பால் வெளியே மூன்று கல்லில் பொங்கியது. நேரம் தப்பித்தான் பொங்கியது, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. பெரிய ஆக்கள் வாகனம் ஏறிப் போனார்கள். அழகரத்தினம் ஒரு மூலையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நின்றார். வேலையைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

சீதேவிப்பிள்ளைதான் ஒரு டம்ளர் பாலோடு உள்ளே வந்தார்.

"தம்பி, கொஞ்சம் குடிங்க."

ஹமீட் நிமிர்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை. ஏறாவூரில் தொழுகை முடிந்து, ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்திருப்பார்கள். துக்கத்தையும் கோபமாகத்தான் வெளியே விடத் தெரியும் அவருக்கு.

"பால் வேணாம். எண்ட ஜும்ஆ போயிட்டு. பன்னிரண்டு வருஷம் வெளிநாட்டுல விடல்ல நான், இண்டைக்கு உங்களால போயிட்டு. அதைத் தர ஏலுமா?"

அந்த அம்மா அழுதார். ஹமீட் பார்க்காத மாதிரி திரும்பி, கதவுப் பட்டனில் இருந்த டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தார். வினோஜனைக் கூப்பிட்டு ட்ரிப்பைப் பூட்டவைத்தார். பூட்டு வெட்டுப்பட்டுக் கிடந்ததால் சுவிட்சுப் பெட்டியை ஒரு துண்டுக் கம்பியால் முறுக்கிக் கட்டினார். கைகால் கழுவி, தவறிய ஜும்ஆவுக்குப் பதிலாகப் பின்னறையில் தனியாக லுஹர் தொழுதார். வந்து பல்புகள் இரண்டையும் திரும்ப உலைக்குள் தொங்கவிட்டு, கதவை நாலு விரல் திறந்து வைத்தார்.

செங்கலில் இன்னும் ஈரம் இருந்தது. இரண்டு நாள் செல்லும். பிரஷாந்தி ஒரு கதிரையைக் கொண்டுவந்து உலைக்குப் பக்கத்தில் போட்டாள். அவர் அதில் உட்கார்ந்துகொண்டு, அது ஆடுகிற கதிரை என்று அவளையும் ஏசினார்.